நகரும் வண்டி, நிற்கும் வண்டி, வாடகை வீடு: நீலகிரியில் நாயோடு தங்கி மீட்பு வேலை

வண்டியையே வீடாக்கிக்கொண்டு மலைக்கு வந்து, தெருநாய் மீட்பில் கைகொடுக்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த வண்டி வாங்கலாம் என்று. நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: ஒரே இடத்தில் எத்தனை வாரம் நிற்பீர்கள்?

மூன்று ஆண்டுகளில் நானும் என் நாய் செவலையும் நீலகிரியில் நான்கு விதமாகத் தங்கிப் பார்த்துவிட்டோம். முதலில் ஊர் ஊராக நகரும் வண்டி. பிறகு ஒரு விலங்குக் காப்பகத்து அறை. அப்புறம் வாடகை வீடு. இப்போது கோத்தகிரிப் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில் நிலையாக நிறுத்திய அதே வண்டி. நடுவில் ஒரு குளிர்காலம், கொடைக்கானல் இருக்கும் பழனிமலைத் தொடருக்கும் போய் வந்தோம். ஒவ்வொன்றிலும் எனக்கு எது சரிப்பட்டது, செவலைக்கு எது சரிப்பட்டது, சிகிச்சையில் இருந்த நாய்களுக்கு எது சரிப்பட்டது என்று பார்த்தால் மூன்றும் ஒரே பதிலாக வருவதில்லை. சிக்கலே அங்கேதான்.

நகரும் வண்டி

பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, கட்டில், அடுப்பு மேடை, அறுபது லிட்டர் தண்ணீர்த் தொட்டி, கூரையில் சோலார் தகடு எல்லாம் வைத்தோம். இப்படி மாற்றுவதற்கு முன்பே ஆர்டிஓ அனுமதி வாங்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. பதிவுப் புத்தகத்தில் மாற்றம் ஏறாவிட்டால் விபத்து நேரத்தில் காப்பீடு கைகொடுக்காமல் போகலாம். மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு இதை ஒத்திப்போடவே கூடாது.

மேட்டுப்பாளையத்தில் பிரேக் பார்த்த மெக்கானிக் அண்ணன் சொன்னதை இன்றும் கடைப்பிடிக்கிறேன்: "அம்மணி, எந்த கியர்ல ஏறுறியோ அதே கியர்ல இறங்கு. பிரேக்க நம்பாத, இன்ஜின நம்பு." குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினால் 36. கல்லட்டி இறக்கத்தில் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வேறு இருக்கிறது. வீட்டுச் சாமான் மொத்தத்தையும் சுமந்த வண்டி அந்தச் சரிவில் இறங்குவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மேலே வந்தபின் எல்லாம் கொஞ்சம் மாறிவிடுகிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும்; குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. ஆடி மாத மூடுபனியில் சோலார் தகடு நாள் முழுக்க இருந்தும் விளக்குக்கும் போனுக்கும் மட்டுமே போதும். தை மாத உறைபனியில் இன்னொரு தொல்லை: லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. அதனால் பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில், செவலை படுக்கும் பக்கமாக நகர்த்தி வைத்தேன். இவையெல்லாம் பழகிவிடும். நனைந்த நாயும் நனைந்த ஜெர்கினும் அடைபட்ட ஒரே அறையில் காயும்போது கண்ணாடியெல்லாம் வியர்த்து ஒழுகுமே, அதுகூடப் பழகிவிடும்.

இரவில் எங்கே நிறுத்துவது என்பது மட்டும் பழகவே இல்லை. முதுமலைக்குள் சாலையோரம் வண்டியை நிறுத்தவே கூடாது. பந்திப்பூர் சாலை இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடிவிடும். காட்டோர இடங்கள் எதுவும் வண்டி வீட்டுக்கு ஏற்றவை அல்ல. அது யானையின் வழி, நமக்கு அங்கே வேலை இல்லை. பெட்ரோல் பங்க், கோயில் மைதானம், தெரிந்தவர் தோட்டம் என்று தினமும் மாலை நான்கு மணிக்கே தேடத் தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு நாய் அடிபட்டுக் கிடக்கிறது என்று போன் வந்தால் மனம் இரண்டாகப் பிரியும்.

கழிப்பறையையும் சொல்ல வேண்டும். இந்த மலையின் ஓடைகள்தான் கீழே பல ஊர்களின் குடிநீர். வண்டிக் கழிவைக் கொட்ட இங்கே தனி இடம் கிடையாது. மரத்தூள் போடும் உலர் கழிப்பறை வைத்திருப்பவரிடம்கூட, மக்கவைக்க ஓர் இடம் இருக்கிறதா என்று கேட்பேன்.

அடுத்த தொல்லை இ-பாஸ். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும். 2025 கோடையில் நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று உயர் நீதிமன்றம் வரம்பும் போட்டது: நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவு வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. என் வண்டி கோவைப் பதிவு. சிகிச்சைக்கு ஒரு நாயைக் கீழே கொண்டுபோய்விட்டுத் திரும்பும் அன்றும் பாஸ் எடுத்துத்தான் ஏற வேண்டும்.

இவ்வளவும் என் வசதி பற்றியது. நகரும் வண்டியை நான் கைவிட்டதற்குக் காரணம் கேத்தியில் பார்த்த ஒரு சொறி நாய். மருத்துவர் முதல் ஊசி போட்டார், அடுத்ததற்குத் தேதி சொன்னார். நான் அந்தத் தேதியில் கூடலூரில் இருந்தேன்; மழையில் சாலை மூடியிருந்தது. மூன்று வாரம் கழித்து வந்து தேடினேன். பேக்கரிக்காரரிடமும் ஆட்டோ ஸ்டாண்டிலும் கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. அந்த நாய் என்னை நம்பிக் கையை நக்கியது, நான் போய்விட்டேன். இதற்கு வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

மீட்பு என்றால் தூக்கி வருவது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். வேலையில் பெரும்பகுதி அதே நாயிடம் திரும்பப் போவதுதான். சொறிக்கு இடைவெளி விட்டு மருந்து. புணர்ச்சியால் பரவும் கட்டிக்கு வாரம் ஓர் ஊசி, பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம். கருத்தடை செய்த பெண் நாயின் தையல் ஆறும்வரை கண்காணிப்பு. அதன்பின் எந்தத் தெருவில் பிடித்தோமோ அதே தெருவில் விட வேண்டும். 2023இன் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் அதைத் தெளிவாகச் சொல்கின்றன. சக்கரம் இருக்கும் வீட்டில் வாழ்பவருக்கு, பாவம் என்று ஒரு நாயை ஏற்றிக்கொண்டு அடுத்த ஊரில் இறக்கிவிடும் ஆசை வரும். எனக்கும் வந்தது. அந்த ஊர் நாய்கள் புதுநாயைக் கிழித்துவிடும். செய்யாதீர்கள்.

காப்பகத்து அறை

கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. இரவு இரண்டு மணிக்கு வரும் நாயைப் பார்க்க மருத்துவர் இருக்கிறார். காயத்தில் புழு எடுப்பதும், பயந்த நாயைத் துணி போர்த்திப் பிடிப்பதும் அங்கேதான் எனக்குக் கை வந்தன. நீலகிரிக்கு இதில் ஒரு கொடுப்பினையும் உண்டு: மசினகுடி அருகே மாவனல்லாவில் ஐபிஏஎன் என்ற விலங்குக் காப்பகம் இருக்கிறது; வேர்ல்ட்வைடு வெட்டரினரி சர்வீஸ் கால்நடை மருத்துவர்களுக்குக் கருத்தடை அறுவைப் பயிற்சி தரும் மையமும் இந்த மாவட்டத்தில் இருக்கிறது. தனியாக வருபவர் முதல் இரண்டு மாதம் ஏதாவது ஒரு காப்பகத்தில் இருந்துவிட்டு வருவது நல்லது.

ஆனால் கூடவே சொந்த நாய் இருந்தால் கணக்கு மாறும். நாங்கள் தங்கிய இடத்தில் அறைக்கும் கூண்டு வரிசைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இரவெல்லாம் குரைப்பு. செவலை சாப்பாட்டைக் குறைத்தது, பத்தாம் நாள் இருமத் தொடங்கியது. கூண்டு இருமல், பெரிய ஆபத்தில்லை, சரியாகிவிட்டது. எனக்குப் பயம், குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கு வைரஸான பார்வோவைப் பற்றி. அந்தக் கிருமி நிழலும் ஈரமும் குளிரும் உள்ள மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும். மலை முழுக்கவே அப்படிப்பட்ட மண்தான். ஃபினாயிலுக்கு அது சாகாது. அழுக்கை முதலில் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட வேண்டும். செவலைக்குப் பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் எல்லாவற்றுக்கும் தடுப்பூசி முடிந்திருந்தது, அதனால் தூங்க முடிந்தது. தடுப்பூசி முடியாத குட்டியோடு காப்பகத்து அறைக்குப் போகிறேன் என்று யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுப்பேன்.

வாடகை வீடு

வீடு கிடைப்பதுதான் கஷ்டம். நாய் என்றதும் முகம் மாறும். "ஒரு நாய்னா சரி" என்பார்கள், அந்த ஒன்று செவலையோடு முடிந்துவிடும். ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: தாயில்லாக் குட்டிகளை வளர்ப்பவருக்கு வீட்டைப்போல் வேறில்லை. கதவு சாத்தும் தனி அறை, வெந்நீர், கழுவிவிடும் தரை. வண்டியில் ஐந்து குட்டியை வைத்து வளர்க்க முடியாது, முயன்று பார்த்துவிட்டேன்.

வீட்டில் எனக்கு இருந்த பெரிய பயம் திண்ணை. சிறுத்தை இந்த ஊர்களில் நாயைத்தான் தேடி வருகிறது. இரவில் திண்ணையில் கட்டிய நாய் அதற்கு எளிய இரை. செவலையை உள்ளே படுக்கவைத்தேன். வந்து சேரும் மற்ற நாய்களை எங்கே வைப்பது? வண்டியின் இரும்புக் கூடு அந்த ஒரு விஷயத்தில் வீட்டை வென்றுவிடுகிறது. எங்கே தங்கினாலும் நாய்த் தீவனத்தை வெளியே வைக்காதீர்கள். கோத்தகிரியில் கரடி தேயிலைத் தோட்டத்துக்குள்ளிருந்து நேராக அடுப்படிக்கு வரும்.

நிற்கும் வண்டி

ஹட்டி என்னும் படகர் ஊரின் ஓரத்தில், ஒரு குடும்பத்தின் முற்றத்தில் ஒரு மூலை. மாதம் சிறு வாடகை, குழாய்த் தண்ணீர், ஒரு மின் இணைப்பு, வெளிக் கழிப்பறை. முற்றத்தின் மறுகோடியில், வண்டியிலிருந்து முப்பது தப்படி தள்ளி, பழைய விறகுக் கொட்டகை. அதைத் தளம் போட்டு, கம்பிவலைக் கதவு வைத்துத் தனிமைக் கொட்டகை ஆக்கினோம். அங்கே போக ஒரு ஜோடி கம்பூட்ஸ், ஒரு மழைக்கோட்டு. திரும்பும் வழியில் பிளீச்சிங் தண்ணீர்த் தொட்டி. அதைத் தாண்டாமல் நான் செவலையைத் தொடுவதில்லை. நான்கு ஏற்பாடுகளில் அதன் உலகமும் நோய் நாய்களின் உலகமும் தனித்தனியாக இருப்பது இங்கே மட்டும்தான். பகல் பதினொரு மணிக்கு அது முற்றத்து வெயிலில் நீட்டிப் படுத்திருப்பதைப் பார்க்கும்போது, முதல் ஆண்டு முழுக்க அதை எவ்வளவு அலைக்கழித்திருக்கிறேன் என்று தெரிகிறது.

அப்புறம் ஊர். வண்டி எங்கே நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் நின்று, "அக்கா, டேங்க் பக்கம் ஒரு கறுப்பு நாய் பின்னாடி ரத்தம் சொட்ட நடக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கு முன்பு சொன்ன அந்தப் பரவும் கட்டி. ஊசிக்குத் தேதி போட்டால் அந்தத் தேதியில் நான் இங்கே இருக்கிறேன், நாயும் இருக்கிறது. வீட்டுப் பெரியம்மா அதற்குத் தினமும் மோர் சோறு வைத்து இடத்தைவிட்டு நகராமல் பார்த்துக்கொள்கிறார்.

குறை இல்லாமல் இல்லை. அவசரத்துக்குக் கோவைக்குப் போவதென்றால் வீடே கிளம்ப வேண்டும்: மின்கம்பியைக் கழற்றி, பாத்திரங்களைக் கட்டி, சிலிண்டரை மூடி, இருபது நிமிடம். அடிபட்ட நாய்க்கு அது நீண்ட நேரம். அதனால் பழைய ஆம்னி ஒன்றைப் பங்கில் வாங்கினோம். முடியாதவர்கள் 1962 கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணைப் போனில் முதல் எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கோத்தகிரி, குன்னூர் சரிவுகளில் மண் இறங்கும். வண்டி நிற்கும் இடத்துக்கு மேலே வெட்டிய மண்சுவர் இருந்தால் எவ்வளவு குறைந்த வாடகைக்கும் அந்த இடம் வேண்டாம்.

பழனிமலை எப்படி?

கொடைக்கானல் இதே குளிர்தான், காட்டுமாடுகளும் அதேபோல் தெருவில் நடக்கின்றன. வேறுபாடு பாதையில் இருக்கிறது. நீலகிரியில் ஒரு பாதை அடைபட்டால் இன்னொன்றில் இறங்கலாம். அங்கே வத்தலக்குண்டுப் பாதையும் பழனிப் பாதையும் பெருமாள்மலையில் சேர்ந்துவிடுகின்றன. அதற்கு மேலே அடைபட்டால் ஊர் தனித்துவிடும். மன்னவனூர், பூம்பாறை போன்ற மேல் கிராமங்களில் நாய்க்கு அடிபட்டால் அரை நாள் பயணம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்ப்பழனிக் கிராமங்கள் எனக்குப் பிடித்தன. உயரம் குறைவு, குளிர் குறைவு, காப்பித் தோட்டங்களில் வண்டி நிறுத்த மனதோடு இடம் தந்தார்கள். ஏற்கெனவே ஓரளவு வேலை தெரிந்தவர், மருத்துவர் ஒருவரைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே போனால் நீலகிரியைவிடத் தேவை அதிகம் என்றே சொல்வேன். புதிதாகத் தொடங்குபவருக்கு நீலகிரி.

எங்கே போனாலும் கிளம்பும் முன் உங்களுக்கு வெறிநோய் முன்தடுப்பூசி: முதல் நாள், ஏழாம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள். அதன்பின் கடி விழுந்தாலும் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த நாளும் மூன்றாம் நாளும் என இரண்டு ஊசியோடு முடிந்துவிடும். இதைப் போடாமல் வரும் தன்னார்வலரை நான் கொட்டகைக் கதவுக்கு அந்தப் பக்கம் விடுவதில்லை.

கறுப்பு நாய்க்கு வரும் செவ்வாய் நான்காவது ஊசி. ரத்தம் நின்றுவிட்டது, நேற்று முதல்முறையாக வாலாட்டியது.