பீர்க்கங்கூடு விதை பாக்கெட்: விதை ஓகே, பின்னாடி அச்சடிச்சிருக்கறத நம்பாதீங்க

பாண்டியில ஒரு விதைக்கடையில 40 ரூபாக்கு வாங்குனது, மேல "நுரைப்பீர்க்கு, தேய்ச்சுக் குளிக்கும் நாருக்கு"ன்னு போட்டிருந்துச்சு, உள்ள 12 விதை. நம்ம தோட்டம்னா கடலூர் மஞ்சக்குப்பத்துல மொட்ட மாடியில ரெண்டு பெரிய க்ரோ பேக், அவ்ளோதான்.

போன ஆடியில 6 விதைய ராத்திரி ஊறவெச்சு போட்டேன், ஒரு வாரத்துல 5 மொளச்சுது, முளைப்புல குறையே இல்ல. பூ விட்டப்பதான் தெரிஞ்சுது ரெண்டு கொடி வேற சாதின்னு. நுரைப்பீர்க்கு காலையில பூக்கும், இதுங்க சாயங்காலம் 5 மணிக்குதான் கண்ண தொறக்குது, காய் வந்தா வரி வரியா நம்ம கொழம்புப் பீர்க்கங்காய்! சரின்னு தோல்கூட விடாம தொவையல் அரச்சாச்சு.

கடுப்பு அது இல்லீங்க. பின்னாடி "60 நாளில் அறுவடை"ன்னு போட்டிருக்கான், அது சமைக்கறதுக்கு. அத நம்பி ஒண்ண பறிச்சு உரிச்சா நாரே சேரல, கொழகொழன்னு இருக்கு. நாருக்குன்னா கொடியிலயே முத்தி பழுப்பாகி, ஆட்டுனா உள்ள விதை கலகலங்கணும், நாலஞ்சு மாசம் ஆகும். அப்படி விட்டு வெச்சா ஐப்பசி கார்த்திகை மழ, நம்ம ஊரப் பத்தி சொல்லவே வேணாம், மீதி காய் எல்லாம் காயவே வழியில்லாம கருத்து அழுகிடுச்சு. ஆடிப்பட்டம்னு போட்டது காய்கறிக்கு சரி, கடலோரத்துல நாருக்கு செட் ஆகாது.

மிச்ச 6 விதைய தையில எடுத்தப்பதான் உத்துப் பாத்தேன், நுரைப்பீர்க்கு விதை வழவழன்னு ஓரத்துல மெல்லிசா ரெக்க மாதிரி இருக்கு, கலப்படம் சொரசொரங்குது. ரெக்க உள்ள 4 மட்டும் போட்டேன், கத்திரி வெயில்ல 7 காய் சருகாட்டம் காஞ்சுது. அடி மூடிய ஒடச்சுக் கவுத்தா விதை பொலபொலன்னு கொட்டுது, ராத்திரி பக்கெட் தண்ணியில போட்டு வெச்சா காலையில தோலு கையோட கழண்டு வருது, நுர போற வரைக்கும் அலசி வெயில்ல போட்டேன். முதல் கூட்ட அம்மா ரெண்டா வெட்டி பாத்திரம் தேய்க்க எடுத்துக்கிட்டாங்க, பச்ச ஸ்க்ரப்பர் இப்ப ஓரமா கெடக்கு.

கடைக்காரர்கிட்ட சொன்னேன், "கொழம்புக்கு வாங்கறவங்கதான் சார் ஜாஸ்தி"ன்னாரு. அப்ப மேல நாருன்னு ஏன் போடணும்? 5க்கு 3. இனிமே வாங்கற வேல இல்ல, ஹார்லிக்ஸ் பாட்டில் நெறைய விதை இருக்கு.