திங்கட்கிழமை மட்டும் எழ மறுத்த ஹைபிரிட் கார்

மேடவாக்கத்திலிருந்து கிண்டிக்குத் தினமும் நெரிசலில் ஊர்ந்து போகிறவர்களுக்கு, பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஸ்ட்ராங் ஹைபிரிட் காரைப் போலத் தோதான வண்டி வேறில்லை என்பது என் தீர்மானமான கருத்து. பள்ளிக்கரணை, வேளச்சேரி என்று சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும்போது எஞ்சின் பெரும்பாலும் அணைந்தே கிடக்கும்; ஏ.சி. மட்டும் குறையாமல் ஓடும். மைலேஜிலும் எனக்குக் குறையில்லை. ஆனால் இந்த வண்டியில் ஏறக்குறைய ஓராண்டு எங்களைப் பாடாய்ப்படுத்திய கோளாறு ஒன்று உண்டு. 2022-க்குப் பிறகு சென்னைச் சாலைகளில் ஹைபிரிட் கார்கள் பெருகிவிட்ட நிலையில், அதை விரிவாக எழுதிவைப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தினால், எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்து மங்கும். ரிலே என்னும் மின் சுவிட்ச் படபடவென்று அடித்துக்கொள்ளும். வண்டி ஓடத் தயார் என்று சொல்லும் 'ரெடி' விளக்கு மட்டும் வராது. வெளியிலிருந்து வேறு பேட்டரியை இணைத்து ஜம்ப் ஸ்டார்ட் கொடுத்தால் மறுநிமிடமே வண்டி கிளம்பிவிடும். வெள்ளிக்கிழமை வரை எந்தத் தொந்தரவும் இருக்காது.

இவ்வளவு பெரிய பேட்டரி வைத்திருக்கும் காருக்கு ஜம்ப் ஸ்டார்ட் எதற்கு என்று கேட்காத ஆள் எங்கள் குடியிருப்பில் இல்லை. ஹைபிரிட் காரில் இரண்டு பேட்டரிகள் உண்டு. சக்கரத்தைச் சுழற்றுவது உயர் மின்னழுத்தப் பேட்டரி. கணினிகளையும் கதவுப் பூட்டையும் விளக்குகளையும் இயக்குவது சாதாரண 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் ரிலேக்களை மூடுவதற்குக்கூட இந்தச் சின்னப் பேட்டரியின் தயவு வேண்டும். மாளிகையின் சாவி வாசல்காரனிடம் இருப்பது போலத்தான். பெட்ரோல் காரில் பேட்டரி தளர்ந்தால், ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றிச் சில வாரங்களுக்கு முன்பே சொல்லிவிடும். எங்கள் வண்டியில் எஞ்சினைச் சுழற்றுவதும் உயர் மின்னழுத்த மோட்டார்தான். ஆகவே 12 வோல்ட் பேட்டரி கடைசி நாள் வரை வாயைத் திறக்காது.

சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும் சோதித்துவிட்டு, பேட்டரி நன்றாக இருக்கிறது என்றார்கள். பிறகு புதிதாக மாற்றியும் கொடுத்தார்கள். சில வாரங்களில் பழைய கதையே திரும்பியது. அவர்கள் சோதனையில் பொய் இல்லை. ஆனால் அது நடந்த நேரம் தவறு. ஜம்ப் ஸ்டார்ட் கொடுத்து ஓட்டிப்போகும் வழியிலேயே, மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் கன்வெர்ட்டர் பெரிய பேட்டரியிலிருந்து 14 வோல்ட் அளவில் சின்னதற்கு ஊட்டிவிடுகிறது. போய் நின்றதும் மீட்டரை வைத்தால் நல்ல எண்தான் காட்டும். இரண்டு நாள் தூங்கிய வண்டியைத் தூங்கும் இடத்திலேயே சோதிக்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கோளாறைக் கண்டுபிடித்தவர், சென்னையின் வாகன உதிரிபாகச் சந்தையான ஜி.பி. ரோட்டில் வேலை கற்ற ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன். "சாவியை மேலே வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் சார், அது பக்கத்தில் இருந்தால் வண்டி தூங்காது" என்று தொடங்கும்போதே எனக்கு நம்பிக்கை வந்தது. சின்னப் பேட்டரி இருக்கும் டிக்கியைத் திறந்து, பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, மூடியது போல வண்டியை நம்பவைத்தார். நிற்கும் வண்டி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பார்க்க, மல்டிமீட்டரைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியில் தொடராக இணைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். முதலில் ஆம்பியர் கணக்கில் காட்டிய மீட்டர் படிப்படியாக இறங்கி 280 மில்லியாம்பியரில் நின்றது. நல்ல வண்டியில் அது 50-க்குக் கீழே போயிருக்க வேண்டும்.

அடுத்து அவர் செய்ததை நான் வியந்து பார்த்தேன். ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கவில்லை. பிடுங்கிச் செருகினால் தூங்கும் கணினிகள் விழித்துக்கொள்ளும் என்றார். மீட்டரை மில்லிவோல்ட்டுக்கு மாற்றி, ஒவ்வொரு ஃப்யூஸின் தலையிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டே போனார். மின்சாரம் ஓடாத ஃப்யூஸ் சுழியம் காட்டும். ஒன்று மட்டும் காட்டவில்லை. அதன் வழியே போனால் டேஷ் கேமரா. வண்டி நிற்கும்போதும் படம் பிடிப்பதற்காக, அதை மாட்டிய கடைக்காரர் எப்போதும் மின்சாரம் இருக்கும் ஃப்யூஸில் நேராக இணைத்திருந்தார். மின்னழுத்தம் இறங்கினால் தானே துண்டிக்கும் சாதனத்தை வைக்கவே இல்லை.

கணக்குப் போட்டால் எல்லாம் பொருந்துகிறது. 280 மில்லியாம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 6.7 ஆம்பியர் மணி. வெள்ளி மாலை நிறுத்தித் திங்கள் காலை எடுப்பதற்குள் 17-க்கு மேல் போய்விடும். எங்கள் பேட்டரியின் கொள்ளளவே சுமார் 40. ஈய அமிலப் பேட்டரி இப்படி அடிக்கடி ஆழமாக வடிந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கொள்ளளவு சுருங்கும். அதன்மேல் கத்திரி வெயில் வேறு. புதுப் பேட்டரியும் சில வாரங்களில் படுத்ததற்குக் காரணம் இதுதான்.

கேமராவை, வண்டி 'ஆன்' ஆனால் மட்டும் மின்சாரம் வரும் ஃப்யூஸுக்கு மாற்றினோம். மீட்டர் 30-க்கு இறங்கியது. கெட்டுப்போன பேட்டரியையும் மாற்ற வேண்டியிருந்தது. விலை குறைந்த சாதாரண பேட்டரி ஒன்றைக் கடையில் காட்டினார்கள், நான் சம்மதிக்கவில்லை. எங்கள் வண்டியில் 12 வோல்ட் பேட்டரி டிக்கிக்குள், பயணிகள் சுவாசிக்கும் அதே காற்றில் இருக்கிறது. சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜனை வெளியேற்றும் குழாயோடு கூடிய, அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சவைத்த ஏ.ஜி.எம். வகையைத்தான் போட வேண்டும்.

அதன்பின் ஜம்ப் ஸ்டார்ட் தேவைப்படவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு ஊருக்குப் போவதற்கு முன் அதை 'ரெடி'யில் வைத்துச் சற்று நேரம் விடுகிறோம், அதுவும் திறந்த வெளியில். எஞ்சின் தானாகக் கிளம்பிப் புகை விடும் என்பதால் அடித்தள நிறுத்துமிடத்தில் இதைச் செய்யக்கூடாது. வெறும் 'ஆன்' நிலையில் பாட்டுக் கேட்டால் 12 வோல்ட் பேட்டரி வடியுமே தவிர நிறையாது.

எங்கள் வண்டியில் ஜம்ப் கொடுப்பதற்கான பாசிட்டிவ் முனை பானெட்டுக்குள் ஃப்யூஸ் பெட்டியில் இருக்கிறது. நெகட்டிவை வண்டியின் வெற்று உலோகத்தில் மாட்ட வேண்டும். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கம்பிகளைத் தொடவே கூடாது. பக்கத்து வீட்டு டீசல் வண்டிக்கு உங்கள் ஹைபிரிட்டிலிருந்து ஜம்ப் கொடுக்கவும் வேண்டாம். அந்த ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்னோட்டத்தில் கன்வெர்ட்டர் பழுதாகிவிடலாம். அவசரத்துக்கு வாங்கும் ஜம்ப் ஸ்டார்ட்டரை டிக்கியில் வைக்காதீர்கள், பேட்டரி செத்தால் எங்கள் டிக்கி திறக்காது. அதற்காக முன்பக்கம் வெயிலில் போட்டுவைப்பதும் ஆபத்து. உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி, சூடு தாங்காது. எங்களுடையது வீட்டு அலமாரியில், சாவி மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் இருக்கிறது.