திருப்பிக் கேட்கும் ஆசான்: இணைய வழி தியான வழிகாட்டல், பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

"ஆனாபானசதி, அதாவது மூச்சைக் கவனிக்கிற பௌத்த தியானம், பழக ஆரம்பிச்சிருக்கேன். எங்க ஊர்ல பிக்கு யாரும் கிடையாது. ஆன்லைன்ல ஒரு ஆசான் கிடைப்பாரா?" என்று நண்பர் கேட்டதற்கான பதில் இது. சூத்திரங்களும் உரைகளும் இலவசமாகக் கொட்டிக் கிடப்பது அவருக்கே தெரியும், அதை விட்டுவிடலாம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எரிச்சல் தீராத இடம் ஒன்றுதான்: கேள்வி கேட்டால் பதில் வருகிறது, எதிர்க்கேள்வி வருவதில்லை.

"மூச்சைக் கவனித்தால் நெற்றி இறுகுகிறது, தலை வலிக்கிறது" என்று ஒரு தியானக் குழுவில் கேட்டுப் பாருங்கள். பர்மாவின் மகாசி முறையில் பழகியவர், "இறுக்கம், இறுக்கம் என்று மனதில் குறித்துவிட்டு, தணிந்ததும் வயிற்றின் ஏற்ற இறக்கத்துக்குத் திரும்புங்கள்" என்பார். அதே நாட்டின் பா-அவுக் முறைக்காரர், "மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையே மூச்சு படும் இடத்தை விட்டு நகராதீர்கள், உடலுணர்ச்சிகளைப் பொருட்படுத்தாதீர்கள்" என்பார். தாய்லாந்தின் அஜான் லீ வழி வந்தவர், "மூச்சை உடல் முழுக்கப் பரவ விடுங்கள்" என்பார். மூன்றும் அந்தந்த மரபுக்குள் சரியானவை. ஒரே வாரத்தில் மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்பவருக்கு எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது. சரியாகத்தான் செய்கிறோமா என்ற பதற்றம் சேர்ந்து நெற்றி இன்னும் இறுகும்.

பல நேரம் காரணம் சின்னது. மூடிய கண்ணாலேயே மூக்கு நுனியைப் பார்க்க முயல்வது, அல்லது மூச்சைத் தானாக வர விடாமல் இழுத்து விடுவது. "கண் எங்கே போகிறது? மூச்சு தானாக வருகிறதா, நீங்கள் இழுக்கிறீர்களா?" என்ற இரண்டு கேள்வியில் பிடிபட்டுவிடும். கேட்கத்தான் ஆள் இல்லை.

கேள்விகளில் நான்கு வகை உண்டு என்று புத்தரின் உரைத் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயம் 4.42 சொல்கிறது: நேராகப் பதில் சொல்ல வேண்டியவை, பிரித்துச் சொல்ல வேண்டியவை, திருப்பிக் கேட்டபின் சொல்ல வேண்டியவை, ஒதுக்கி வைக்க வேண்டியவை. தியானச் சிக்கல்கள் பெரும்பாலும் மூன்றாவது வகை. அவற்றை முதல் வகையாக எடுத்துக்கொண்டு பதில் சொல்வதுதான் நடக்கிறது. இதில் ஆபத்தும் உண்டு. பல நாள் தூக்கமில்லை, காரணமில்லாத பயம் என்று ஒருவர் சொன்னதுமே "இது பய ஞானம், விடாமல் உட்காருங்கள்" என்று தியான முன்னேற்றத்தின் படிநிலைப் பெயர் சூட்டுபவர்கள் இருக்கிறார்கள். மருந்து எதுவும் சாப்பிடுகிறாரா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்காருகிறார் என்றுகூடக் கேட்பதில்லை. இதை மன்னிக்க முடியவில்லை. அந்த நிலையில் உட்காருவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எதிர்பாராமல் கிடைத்த நிறைவு தனிஸ்ஸாரோ பிக்குவின் மாலை உரைகள். கலிபோர்னியாவில் சான் டியாகோ அருகே மெத்தா வன விகாரையில் இருப்பவர். அஜான் லீயின் சீடரான அஜான் ஃபுவாங்கிடம், 1986இல் அவர் மறையும் வரை, பத்தாண்டு பயின்றவர். கால் மணி நேரம் கொள்ளும் ஓர் உரையில் ஒரு தவறை மட்டும் எடுத்துத் திருத்துவார். பக்கத்தில் இருந்து திருத்தப்பட்டவர் என்பது பேச்சில் தெரியும். ஆனாலும் பதிவுதானே, அது நம்மைத் திருப்பிக் கேட்காது.

நேரடி ஜூம் அமர்வுகளில் சேருவதற்கு முன் சிலவற்றை விசாரித்துக்கொள்ளுங்கள். துறவி என்றால் எத்தனை வஸ்ஸா (மழைக்கால வாசம், துறவின் ஆண்டுக்கணக்கு), யாரிடம் இருந்தார்? புதிய பிக்கு குறைந்தது 5 ஆண்டு ஆசிரியரைச் சார்ந்து வாழ வேண்டும் என்பது விநயம், அதாவது துறவிகளின் ஒழுங்கு விதி. அடைந்த நிலை உண்மையாகவே இருந்தாலும் இல்லறத்தாரிடம் சொல்வது பாசித்திய குற்றம், ஒப்புக்கொண்டு தீர்க்க வேண்டியது. தெரிந்தே பொய்யாகச் சொன்னால் பாராஜிகம், துறவே போய்விடும். அதனால் காவி கட்டியவர் காணொளியில் "நான் சோதாபன்னன்" (விடுதலையின் முதல் படியை அடைந்தவன்) என்றால் அங்கேயே விலகிவிடுங்கள். இல்லற ஆசிரியருக்கு விநயம் இல்லை, கற்பிக்க அனுமதித்தது யார் என்று கேளுங்கள். தானம் மனமுவந்து தருவது. படிநிலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தால் வேண்டாம்.

கேள்வி அனுப்பும் விதத்திலும் பாதி இருக்கிறது. எந்த முறை, யார் சொன்ன முறை, எத்தனை நிமிடம், சிக்கல் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது, எத்தனை நாளாக, தூக்கம் எப்படி என்று ஆறேழு வரியில் எழுதி, ஒரே ஒருவருக்கு அனுப்புங்கள். சொன்னதை இரண்டு வாரம் செய்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அமெரிக்க மேற்குக் கரையில் மாலை 7 என்றால் நமக்கு மறுநாள் காலை 7.30, நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை 8.30. அந்த ஒரு மணி நேரத்தில் அமர்வைத் தவறவிடுபவர்கள் நிறைய.

ஒருவரின் சீலம் (ஒழுக்கம்) கூட வாழ்ந்தும், தூய்மை கொடுக்கல் வாங்கலிலும், உறுதி இடர் வரும்போதும், அறிவு உரையாடலிலும், அதுவும் நீண்ட காலத்தில்தான் தெரியும் என்கிறது அங்குத்தர நிகாயம் 4.192. திரையில் கிடைப்பது கடைசி ஒன்று மட்டும். நேரில் போக நினைத்தால் சென்னை திருமுடிவாக்கத்தில் கோயங்காவின் விபஸ்ஸனா மரபைச் சேர்ந்த தம்ம சேது தியான மையம் இருக்கிறது. 10 நாள், தங்கவும் சாப்பிடவும் கட்டணமில்லை, மதியத்தில் துணை ஆசிரியரைத் தனியே பார்த்துக் கேட்கலாம். வேறு முறைகளை அங்கே கலக்க விடமாட்டார்கள், அதற்குச் சம்மதமென்றால் போங்கள்.

இவ்வளவு கோபத்துக்குப் பிறகும் நண்பருக்கு இணையத்தையே பரிந்துரைக்கிறேன். பிக்கு இல்லாத ஊரில் தனியே தடுமாறுவதைவிட இது எவ்வளவோ மேல். மூன்று பேருக்குத் தனித்தனியே எழுதி விசாரியுங்கள், பயிற்சியை ஒருவரிடம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பதிலில் உங்களைப் பார்த்து ஒரு கேள்வியாவது கேட்டவர் யாரோ, அவரிடம்.