தீராத சரக்குக்கு எதற்கு முன்பணம்? டிஜிட்டல் கேம் ப்ரீ-ஆர்டர் பற்றி

ப்ரீ-ஆர்டர், அதாவது வெளிவருவதற்கு முன்பே பணம் கட்டி முன்பதிவு செய்யும் பழக்கம், டிஸ்க் காலத்தில் வந்தது. கடைக்குக் கொஞ்சம் பெட்டிகள்தான் வரும், கேட்டு வருபவர்கள் அதிகம். முன்பணம் கட்டியவருக்குக் கடைக்காரர் ஒன்றை எடுத்து வைப்பார். நியாயமான ஏற்பாடு அது. சர்வரில் இருக்கும் கேமுக்கு இந்தக் காரணம் பொருந்தாது. லட்சம் பேர் வாங்கி முடித்த பிறகு வருகிற ஆளுக்கும் அதே கேம் இருக்கும். அப்படியிருந்தும், வெளிவர அரை வருடம் பாக்கி இருக்கும்போதே கடையில் முன்கூட்டி வாங்கச் சொல்லும் பொத்தான் வந்துவிடுகிறது. அதை அழுத்தினால் நமக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலியில் இருக்கிறேன், பிசியில் விளையாடுபவன். தம்பியிடம் (சித்தி மகன்) பிஎஸ்5, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல், இருக்கிறது. அவனும் அவன் நண்பர்களும் பணம் கட்டுவதற்கு முன் என்னிடம் கேட்பார்கள். கல்லூரிப் பையன்கள், பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் கிடைத்ததைச் சேர்த்து வைத்து வாங்குகிறவர்கள். பிஎஸ்5க்கு வரும் பெரிய கேம் ஒன்றின் விலை 4,999 ரூபாய் என்றால் அது அவர்களுக்கு ஒரு செமஸ்டரின் சேமிப்பு. அதனால் இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

முன்பதிவு இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதற்கு ஒரு நல்ல உதாரணம் கிடைத்தது. ஹாலோ நைட்: சில்க்சாங் கேமுக்கு ரசிகர்கள் ஆறு வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். 2025 செப்டம்பர் 4 அன்று வெளிவந்தது. விலை 20 டாலர். ப்ரீ-ஆர்டரே வைக்கவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் வாங்க வந்ததால் ஸ்டீம், நின்டெண்டோ ஈ-ஷாப், பிளேஸ்டேஷன் ஸ்டோர் என்று கேம் விற்கும் ஆன்லைன் கடைகள் எல்லாமே கொஞ்ச நேரம் திணறின. அதன் பிறகு அன்றைக்கே லட்சக்கணக்கானவர்கள் விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். கேம் கிடைக்கவில்லை என்று யாரும் திரும்பிப் போகவில்லை.

இதற்கு நேர் எதிராக நடந்தது சைபர்பங்க் 2077. 2020 ஏப்ரல் 16 என்று சொல்லி, செப்டம்பருக்கும் நவம்பருக்கும் தள்ளி, கடைசியில் டிசம்பர் 10 அன்று வெளியிட்டார்கள். அதற்குள் 80 லட்சம் பேர் முன்பதிவு செய்திருந்தார்கள். வெளிவந்த சில நாட்களில் கேமைத் தயாரித்த சிடி ப்ராஜெக்ட் நிறுவனமே ஒரு தகவலைச் சொன்னது: டிஜிட்டல் முன்பதிவிலிருந்து வரவேண்டிய தொகை மட்டுமே கேமின் தயாரிப்புச் செலவையும் அந்த வருடத்தின் விளம்பரச் செலவையும் தாண்டிவிட்டது. இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். வாங்கியவர்கள் ஒரு காட்சியைக்கூட விளையாடிப் பார்ப்பதற்கு முன்பே விற்றவர்களுக்குப் போட்ட காசு தேறிவிட்டது. மதிப்புரை எழுதுபவர்களுக்கு முன்கூட்டியே கொடுத்தது பிசி பதிப்பை மட்டும்தான். அதிலும் தாங்களே பதிவுசெய்த வீடியோவைக் காட்டக்கூடாது என்று கட்டுப்பாடு. பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல்கள் வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பதிப்புகள் எந்த நிலைமையில் இருக்கின்றன என்று தெரிய வழியே இல்லை. டிசம்பர் 18 வாக்கில் சோனி தன் கடையிலிருந்தே கேமை எடுத்துவிட்டு, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பியது. 2021 ஜூனில்தான் அது திரும்பவும் விற்பனைக்கு வந்தது.

இன்றைக்கு அதே சைபர்பங்க் அருமையான கேம். 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகு அதில் பெரிய குறை சொல்ல முடியாது. ஸ்டீம் சேல் வரும்போதெல்லாம் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது. முழு விலை கொடுத்து முதல் ஆளாக நின்றவர்களுக்கு அரைகுறை கேம், மூன்று வருடம் பொறுத்திருந்தவர்களுக்குப் பாதி விலையில் முழுமையான கேம் என்று ஆகிவிட்டது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. அந்தக் கேமை மிகவும் நேசித்தவர்கள்தான் முதலில் பணம் கட்டியவர்கள்.

சரி, இனி ஒவ்வொரு கடையாகப் பார்க்கலாம். முன்பதிவைப் பொறுத்தவரை இருப்பதிலேயே நேர்மையான கடை, பிசி கேம்கள் விற்கும் ஸ்டீம் என்பது என் கருத்து. கேம் வெளிவரும் வரை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்து பணத்தைக் கேட்கலாம். வெளிவந்த பிறகும் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ரீஃபண்ட் உண்டு. அந்த 14 நாள் கணக்கு வெளியீட்டுத் தேதியில் இருந்துதான் தொடங்கும், நாம் பணம் கட்டிய நாளில் இருந்து அல்ல. 2015 ஜூனில் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி வெளிவந்த பேட்மேன்: ஆர்க்கம் நைட் கேமின் பிசி பதிப்பு ஓட முடியாமல் தடுமாறியது. ரீஃபண்ட் கேட்டுக் குவிந்ததில் விற்பனையையே நிறுத்தி, அக்டோபர் கடைசியில்தான் திரும்ப விற்றார்கள். வாங்குபவர் கையில் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை இருந்தால் எவ்வளவு சீக்கிரம் பதில் வருகிறது என்று அப்போது பார்த்தோம்.

என் பிசியில் சரியாக ஓடாத கேம்களை ஸ்டீமில் திருப்பியிருக்கிறேன். வாங்கியவற்றின் பட்டியலில் அந்தக் கேமைத் தேர்ந்தெடுத்துக் காரணத்தைக் குறிப்பிட்டால் போதும், யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. பணம் கட்டிய வழியிலேயே திருப்ப முடியாவிட்டால் ஸ்டீம் வாலட்டில் போடுவார்கள். அந்தப் பணத்தை அங்கேதான் செலவழிக்க முடியும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு மணி நேரத்திலும் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. 2023 மார்ச்சில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 பிசிக்கு வந்தபோது, முதல் முறை திறந்ததும் ஷேடர்களை (திரையில் ஒளி, நிழல், வண்ணத்தை உருவாக்கும் சிறு நிரல்கள்) தயார் செய்வதற்கே சாதாரணக் கணினிகளில் மிக நீண்ட நேரம் பிடித்தது. கேம் திறந்திருந்ததால் அதுவும் விளையாடிய நேரமாகவே கணக்கில் ஏறியது. இப்படிப்பட்ட கேமில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று, கூடுதல் விலைப் பதிப்பு வாங்கி முன்கூட்டியே விளையாடும் நாட்கள். முன்பு அந்த நேரம் கணக்கில் வராது. 2024 ஏப்ரலில் இருந்து அதையும் இரண்டு மணி நேரத்தில் சேர்த்துவிட்டார்கள்.

முன்பதிவுக்கு நான் ஒத்துக்கொள்ளும் ஒரே நல்ல காரணம் ப்ரீலோட். வெளியீட்டுக்கு ஓரிரு நாள் முன்பாகவே பூட்டிய நிலையில் கேமை இறக்கிக்கொள்ளலாம். நேரம் வந்ததும் திறக்கும். எங்கள் வீட்டு ஃபைபர் இணைப்பு 40 எம்பிபிஎஸ். 100 ஜிபி கேம் இறங்க, வேகம் குறையாமல் இருந்தாலே ஐந்தரை மணி நேரம் ஆகும். வீட்டில் ஒருவர் சீரியல், இன்னொருவர் ஆன்லைன் வகுப்பு என்றால் ஒரு ராத்திரி முழுக்கப் போய்விடும். வெள்ளிக்கிழமை ராத்திரி நண்பர்களோடு சேர்ந்து தொடங்க வேண்டும் என்றால் ப்ரீலோட் பெரிய உதவி. ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பூட்டைத் திறந்து ஃபைல்களைப் பிரிக்கவே வெகுநேரம் ஆகும், காலி இடமும் தாராளமாக வேண்டும். எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) இல்லையென்றால் ப்ரீலோடில் மிச்சமாகும் நேரத்தில் பாதி அங்கே போய்விடும்.

நான் இப்போது கடைப்பிடிக்கும் வழி இங்கிருந்துதான் வந்தது. நல்ல நிறுவனங்கள் வெளியீட்டுக்கு ஓரிரு நாள் முன்பாகவே மதிப்புரைகளை அனுமதிக்கின்றன. ப்ரீலோடும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் திறக்கும். அந்த இடைவெளியில் வாங்குவதுதான் சரி. எல்டன் ரிங் 2022 பிப்ரவரி 25 அன்று வந்தது, மதிப்புரைகள் 23 அன்றே வந்துவிட்டன. முன்பதிவின் போனஸ், ப்ரீலோட் எல்லாம் அப்போது வாங்கினாலும் கிடைக்கும். ஆறு மாதம் முன்பு பணம் கட்டியவருக்குக் கிடைப்பதில் எதுவும் குறையாது. வெளியீட்டு நிமிடம் வரை ஒரு மதிப்புரைகூட வரவில்லை என்றால் நான் வாங்குவதில்லை. மதிப்புரை எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். எல்டன் ரிங்கையே எல்லாரும் கொண்டாடினார்கள்; ஆனால் பிசி பதிப்பு நடுநடுவே திக்கித் திக்கி ஓடியதால் ஸ்டீமில் ஆரம்பத்தில் கலவையான மதிப்பீடுதான் இருந்தது. அதற்குத்தான் அந்த இரண்டு மணி நேரம்.

பிளேஸ்டேஷன் ஸ்டோருக்கு வந்தால் என் பதில் மாறிவிடும். முன்பதிவை வெளியீட்டுக்கு முன் ரத்து செய்யலாம், அதுவரை சரி. ஆனால் கேமை இறக்கத் தொடங்கிவிட்டால், கேமில் கோளாறு இருந்தாலொழிய, ரீஃபண்ட் கிடையாது. விளையாடிப் பார்த்து முடிவு செய்யும் வாய்ப்பே இல்லை. அங்கே முன்பதிவு என்றால் பார்க்காத பொருளுக்கு முழுப் பணம். நின்டெண்டோ பற்றிச் சுருக்கமாக: அவர்கள் பல காலம் ரத்து செய்யவே விடவில்லை. நார்வே, ஜெர்மனி நுகர்வோர் அமைப்புகள் சண்டை போட்ட பிறகு, 2020இல் வெளியீட்டுக்கு ஏழு நாள் முன்பு வரை ரத்து செய்யலாம் என்று மாற்றினார்கள். இந்தியாவுக்கு அதிகாரப்பூர்வ ஈ-ஷாப் கிடையாது என்பதால் நம்மில் பலருக்கு அது தூரத்துச் செய்திதான்.

சில நூறு ரூபாய் மிச்சமாகிறதே என்று கீ (கேமைத் திறக்கும் குறியீடு) விற்கும் தளங்களில் முன்பதிவு செய்வதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். தம்பியின் நண்பன் ஒருவன் அப்படி ஒரு தளத்தில் கட்டினான். வெளியீட்டு நாள் வந்து போனது, கீ வரவில்லை. பல நாள் கழித்து வந்த கீ வேறு நாட்டுக்கானது, இங்கே ஏறவில்லை. வெளியே வாங்கிய கீக்கு ஸ்டீம் பொறுப்பேற்காது, விற்ற தளமோ பதில் சொல்லவில்லை. அந்தப் பையன் அதற்குப் பிறகு நெடுநாள் எதையும் வாங்கவில்லை.

போனஸ் என்று தருவதையும் பார்த்துவிடலாம். ஒரு சட்டை, ஒரு துப்பாக்கி நிறம், கொஞ்சம் கேம் காசு. பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில் அதைவிட நல்ல ஆயுதம் கேமிலேயே கிடைத்துவிடும். 2015இல் டியஸ் எக்ஸ்: மேன்கைண்ட் டிவைடட் கேமுக்கு ஒரு திட்டம் போட்டார்கள்: எவ்வளவு அதிகம் பேர் முன்பதிவு செய்கிறார்களோ அவ்வளவு பரிசுகள் திறக்கும், கடைசிப் படியில் கேமே நான்கு நாள் முன்னதாக வரும். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். ஒன்றிரண்டு மாதத்திலேயே திட்டத்தைக் கைவிட்டு, முன்பதிவு செய்த எல்லாருக்கும் எல்லாப் பரிசும் என்று அறிவித்தார்கள். நாம் ஒன்றாகக் குரல் கொடுத்தால் நடக்கும் என்பதற்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

இப்போது அதே 'முன்னதாக' என்பது விலைப்பட்டியலிலேயே ஏறிவிட்டது. ஸ்டார்ஃபீல்ட் 2023 செப்டம்பர் 6 என்றார்கள். அமெரிக்காவில் 70 டாலருக்குப் பதில் 100 டாலர் பதிப்பு வாங்கியவர்களுக்குச் செப்டம்பர் 1. சூசைட் ஸ்குவாட் கேமில் இதே மாதிரி மூன்று நாள் முன்னதாகக் கொடுத்தார்கள். உள்ளே போனவர்களில் சிலருக்குக் கதையே முடிந்துவிட்டதாகக் காட்ட, சர்வர்களைப் பல மணி நேரம் மூட வேண்டியதாயிற்று. கூடுதல் பணம் கட்டியவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பதிப்புகளை எந்தக் கடையிலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இலங்கையில் இருக்கும் வாசகர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2024 மே மாதம் கோஸ்ட் ஆஃப் சுஷிமா பிசிக்கு வருவதற்குச் சில நாள் முன்பு, சோனியின் ஆன்லைன் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க் (பிஎஸ்என்) இல்லாத நாடுகளில் அதை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இலங்கையும் அந்த நாடுகளில் ஒன்று. முன்பதிவு செய்தவர்களுக்கு ஸ்டீம் பணத்தைத் திருப்பியது, ஆனால் காத்திருந்த கேம் கைக்கு வரவில்லை. சோனியின் பிசி கேம் என்றால், பிஎஸ்என் கணக்கு கேட்கிறார்களா என்பதைக் கடைப் பக்கத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தம்பி இப்போது கேட்பது ஜிடிஏ 6 பற்றி. முதலில் 2025 என்றார்கள், பிறகு 2026 மே 26, அதற்குப் பிறகு 2025 நவம்பரில் இன்னொரு தடவை தள்ளி 2026 நவம்பர் 19 என்று அறிவித்தார்கள். கூட்டமாக ஆன்லைனில் விளையாடுகிற வயது அவனுக்கு, முதல் நாளே வேண்டும் என்கிறான். அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. பிஎஸ்5இல் விளையாடிப் பார்த்துத் திருப்ப வழியில்லை என்பதால், டிஸ்க் வந்தால் டிஸ்க்காகவே வாங்கச் சொல்லியிருக்கிறேன். முடித்த பிறகு விற்றால் கணிசமான தொகை திரும்ப வரும், டிஜிட்டலில் அது நடக்காது. டிஜிட்டல்தான் என்றால் மதிப்புரைகள் வந்த அன்றைக்கு வாங்கி, அன்று ராத்திரியே ப்ரீலோட் போட்டுவிடலாம். அதுவரை பணம் அவன் அக்கவுண்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன், அவனும் சரி என்றிருக்கிறான்.