ஷெல்செக்: ஸ்கிரிப்டை நன்றாகப் படிக்கும், சூழலைப் பார்க்காது

டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டி இயக்கும் திரையில்) ஒழுங்காக ஓடிய கட்டளை ஸ்கிரிப்டில் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பில்) போட்டதும் ஏன் மக்கர் பண்ணுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் நிறுவ வேண்டியது ஷெல்செக், ஸ்கிரிப்டை ஓட்டாமலே படித்துப் பிழைகளைச் சொல்லும் கருவி. விடார் ஹோலன் ஹாஸ்கெல் மொழியில் எழுதியது, இலவசம், உபுண்டு லினக்ஸில் ஆப்ட் என்ற நிறுவும் கட்டளை மூலம் ஒரே வரியில் வந்துவிடும். நிறுவச் சோம்பலாக இருந்தால் அதன் தளத்திலேயே ஸ்கிரிப்டை ஒட்டிப் பார்க்கலாம் (உள்ளே பாஸ்வேர்ட் இருந்தால் எடுத்துவிட்டு ஒட்டுங்கள்).

நாம் தட்டுகிற ஷெல் (கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) ஒன்று, ஸ்கிரிப்டை இயக்குகிற ஷெல் வேறொன்று என்கிற சிக்கலில் இது கில்லாடி. உபுண்டு டெர்மினலில் இருப்பது பாஷ், ஆனால் ஸ்கிரிப்டின் முதல் வரியில் எஸ்ஹெச் என்று போட்டால் 2006-ல் வந்த 6.10 பதிப்பு முதல் ஓடுவது டாஷ். அங்கே [[ ]] செல்லாது, சோர்ஸ் கட்டளை செல்லாது, எழுத்தை அச்சடிக்கும் எக்கோவுக்கு -இ (-e) கொடுத்தால் அந்த -இ-யையும் சேர்த்தே அச்சடித்துவிடும். ஷெல்செக் அந்த முதல் வரியைப் பார்த்துவிட்டு, ஓடுவதற்கு முன்பே இதையெல்லாம் சொல்லிவிடுகிறது. மேக்கில் 2019 கேட்டலினாவிலிருந்து இயல்பான ஷெல் இஸட்ஷெல். அதில் மேற்கோள்குறி போடாத மாறிக்குள் இடைவெளி இருந்தாலும் ஒன்றும் ஆகாது, அதே வரி பாஷ் ஸ்கிரிப்டில் ஒரு கோப்புப் பெயரை இரண்டாகப் பிளந்துவிடும். 2086 என்ற எண்ணோடு வரும் எச்சரிக்கை இதற்குத்தான். நச்சரிக்கிறது என்று அதை அணைத்துவைப்பவர்கள், கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளை உள்ள ஸ்கிரிப்டிலாவது விட்டுவைக்கலாம்.

அப்புறம் குறை. இது எழுத்தைத்தான் படிக்கிறது, ஸ்கிரிப்ட் எந்தச் சூழலில் ஓடப்போகிறது என்பது அதற்குத் தெரிய வழியே இல்லை. பாஷின் அமைப்புகள் இருக்கும் பாஷ்ஆர்சி கோப்பை ஸ்கிரிப்ட் படிக்காது, பாஷ் ஸ்கிரிப்டுக்குள் ஏலியஸ்களை (கட்டளைகளுக்கு நாம் வைக்கும் சுருக்குப்பெயர்களை) விரிப்பதும் இல்லை. ஆக, தினமும் டெர்மினலில் நாம் தட்டும் சுருக்குப்பெயர் ஸ்கிரிப்டில் இருந்தால் 'அப்படி ஒரு கட்டளையே இல்லை' என்றுதான் வரும், ஷெல்செக்கோ பெரும்பாலும் வாயே திறக்காது. குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்டால் இன்னும் மோசம், கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் மாறியில் பொதுவாக இரண்டு மூன்று அடைவுகள்தான் இருக்கும். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் திரையில் பல நெடுவரிசைகளாகவும் பைப்பில் (வேறொரு கட்டளைக்கு அனுப்பும்போது) வரிக்கு ஒன்றாகவும் காட்டுவதைப் பற்றியும் தனியாக ஒன்றும் சொல்லாது. அதனால் எச்சரிக்கை வரவில்லை என்று நம்பி நேராகக் கிரானில் ஏற்றாமல், என்வ் கட்டளைக்கு -ஐ (-i) கொடுத்து வெறும் சூழலில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், கிரான் கதை பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

மேக்காரர்களுக்கு ஒன்று: இஸட்ஷெல் ஸ்கிரிப்டைக் கொடுத்தால் ஷெல்செக் ஆதரவில்லை என்று கைவிரித்துவிடும்.