எட்டு மாதமாக ஏறி நிற்கும் எடை மெஷின்

தண்டையார்பேட்டையில் எங்களுடையது பழைய மொசைக் தரை போட்ட வீடு. ப்ளூடூத் எடை மெஷின் வாங்கி வந்த அன்று ஹாலில் ஏறினால் 77.1, சமையலறையில் ஏறினால் 78.4. கோளாறு பிடித்த மெஷினைக் கட்டிவிட்டார்கள் என்று திருப்பிக் கொடுக்கவே கிளம்பிவிட்டேன். வீட்டில் பிரிக்காத 25 கிலோ அரிசிச் சிப்பம் இருந்தது, அதை ஏற்றிப் பாருங்கள் என்றாள் மனைவி. ஹாலில் 24.5, சமையலறையில் 25.1. குனிந்து பார்த்தால் ஹாலில் தரை லேசாக உள்வாங்கியிருக்கிறது, மெஷினின் நாலு காலில் ஒன்று பதியவே இல்லை. அன்றிலிருந்து சமையலறையில் அதே இடம், காலையில் பாத்ரூம் போய்விட்டு வெறும் வயிற்றில். எடையைப் பொறுத்தவரை 1,400 ரூபாய்க்கு நல்ல சாமான்.

இதே மெஷின் காட்டும் கொழுப்பு சதவீதம் வேறு கதை. உள்ளங்கால் வழியாக மெல்லிய மின்சாரம் அனுப்பி, உடம்பு அதை எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்து, நாம் கொடுத்த வயது, உயரத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் அந்த எண்ணைக் காட்டுகிறது. ஆப்பில் உயரத்தை மட்டும் 5 செ.மீ. கூட்டிப் பார்த்தேன், நின்ற நிற்பில் கொழுப்பு குறைந்துவிட்டது! தசை, எலும்பு, உடல் வயது எல்லாமே அதே கணக்கிலிருந்து வருவதுதான், அதனால் நான் அவற்றைப் பார்ப்பதே இல்லை. கொழுப்பு எண்ணும் மாதக்கணக்கில் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க மட்டும்தான். தொப்பைக்கு ஐம்பது ரூபாய் தையல் டேப் போதும், நம்மூர் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும்.

ஞாயிறு மதியம் காசிமேட்டு மீன் குழம்பு, ராத்திரி பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ், திங்கள் காலையில் 1.2 கிலோ ஏறியிருக்கும். பயப்படாதீர்கள். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி கூடுதலாக உள்ளே போக வேண்டும், ஒரு நாளில் அது நடக்காது. உப்பு பிடித்து வைத்த தண்ணீரும் வயிற்றில் இருக்கிற சாப்பாடும்தான் அது, புதன்கிழமைக்குள் இறங்கிவிடும். நான் ஏழு நாள் சராசரியை மட்டும் காலண்டரில் எழுதுகிறேன், இப்போது 73.6.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம். இதயத் துடிப்புக்காக பேஸ்மேக்கர் கருவி வைத்தவர்கள் இதில் ஏறக் கூடாது, கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். கடையில் யாரும் வாய் திறக்கவில்லை, கையேட்டில் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. அம்மாவுக்குப் பேஸ்மேக்கர் இருக்கிறது. இதைப் படித்த அன்றிலிருந்து, நான் ஏறி இறங்கியதும் மெஷினை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறேன். அம்மாவுக்கு எடை பார்க்க, மின்சாரம் அனுப்பாத பழைய முள் மெஷின் ஒன்று தனியாக வாங்கினோம்.