ஹேப்பியா, கிளாடா?

ஆங்கிலத்தில் சந்தோஷத்துக்குச் சொல் பஞ்சமே இல்லை. ஆனால் அன்றாடப் பேச்சில் மல்லுக்கட்டுபவை ஹேப்பியும் கிளாடும்தான். அகராதியைப் புரட்டினால் ஒன்றுக்குப் பொருளாக இன்னொன்றைப் போட்டிருப்பார்கள். அதை நம்பி இடம் மாற்றிப் போட்டால் சில இடங்களில் உதைக்கும். 'ஹேப்பி பர்த்டே' ஊர் உலகம் எல்லாம் பாடுவது. 'கிளாட் பர்த்டே' என்று வாழ்த்தினால் கேட்பவர் விழிப்பார்.

ஹேப்பியின் அடியில் இருப்பது 'ஹேப்' என்ற பழஞ்சொல். வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தது. அதிர்ஷ்டம், தற்செயல் என்று பொருள். ஏதோ நடப்பதைச் சொல்லும் ஹேப்பன், 'ஒருவேளை' எனும் பெர்ஹாப்ஸ், அசம்பாவிதத்தைக் குறிக்கும் மிஸ்ஹேப் எல்லாம் இதே குடும்பம். 14-ஆம் நூற்றாண்டில் ஹேப்பி புழக்கத்துக்கு வந்தபோது அதற்குக் 'கொடுத்துவைத்தவர்' என்றுதான் பொருள். அவர் மனசுக்குள் சிரித்தாரா அழுதாரா என்பது வேறு பேச்சு. மகிழ்ச்சி என்கிற பொருள் பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது. ஜெர்மன்காரர்கள் இன்றும் அதிர்ஷ்டத்துக்கும் மகிழ்ச்சிக்கும் 'க்ளுக்' என்ற ஒரே சொல்லை வைத்துத்தான் காலம் தள்ளுகிறார்கள்.

அந்தப் பழைய வாசனை ஆங்கிலத்திலும் முழுசாகப் போய்விடவில்லை. எதிர்பாராமல் நல்லதாக அமைந்துவிட்ட ஒன்றை 'ஹேப்பி ஆக்சிடென்ட்' என்கிறார்கள். அங்கே யாரும் சந்தோஷப்பட்டதாகச் சொல்லவில்லை, அதிர்ஷ்டம் அடித்தது என்கிறார்கள். 'ஹேப்பி நியூ இயர்' என்பதையும் அந்தக் காதோடு கேட்டுப் பாருங்கள், நல்லகாலம் பிறக்கட்டும் என்பது போல ஒலிக்கும்.

கிளாட் பிறந்த வீடே வேறு. அது பழைய ஆங்கிலச் சொல். ஆதியில் பளபளப்பைக் குறித்தது. தங்கத்தையும் நகையையும் வர்ணிக்க உதவிய சொல். அதன் ஜெர்மன் பங்காளியான 'கிளாட்' வழவழப்பைக் குறிக்கிறது. மினுமினுப்பிலிருந்து முகமலர்ச்சிக்கு வருவது ஒன்றும் பெரிய தாவல் இல்லை.

இன்றைய வழக்கில் பெரிய வித்தியாசம் இதுதான்: கிளாடுக்குக் காரணம் வேண்டும். 'ஐ ஆம் ஹேப்பி' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கலாம். 'ஐ ஆம் கிளாட்' என்றால் எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். நீங்கள் வந்ததற்கு, பரீட்சை முடிந்ததற்கு, பஸ்ஸைத் தவறவிடாததற்கு. அதனால்தான் 'அப்பாடா' என்கிற நிம்மதிக்குக் கிளாட் அவ்வளவு பொருத்தம். 'ஹேப்பி மேன்' உண்டு. 'கிளாட் மேன்' என்று இன்று எழுதினால் பழைய பைபிள் வாடை அடிக்கும்.

எனக்குக் கிளாடைத்தான் பிடிக்கும். ஹேப்பியை இழுத்து இழுத்துச் சாயம் போக வைத்துவிட்டார்கள். வாடிக்கையாளர் சேவையில் முகம் தெரியாத ஒருவர் 'ஹேப்பி டு ஹெல்ப்' என்னும்போது அதில் மகிழ்ச்சியும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. ஆனால் ஒரு இடத்தில் கிளாட் தோற்றுவிடும். மேலதிகாரி 'ஐ ஆம் நாட் ஹேப்பி வித் திஸ்' என்று மெதுவாகச் சொன்னால் சரி, இன்றைக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். அந்த மிரட்டலைக் கிளாடால் செய்ய முடியாது.

சந்தோஷத்துக்கான வேறு இரண்டு சொற்கள் மெர்ரியும் ஜாயும். முதலில் மெர்ரிக்கு வருவோம். அதன் ஆணிவேர் 'குறுகிய' என்ற பொருளுடையது என்கிறார்கள் சொல்லாய்வாளர்கள். பொழுதைச் சுருக்கிக் காட்டும் இன்பம் என்று கணக்கு. இன்று அது கிறிஸ்துமஸை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஹார்ஸ்லியைக் கொண்டு அச்சிட்ட முதல் வணிக கிறிஸ்துமஸ் அட்டையில் மெர்ரியும் ஹேப்பியும் ஒரே வரியில் வருகின்றன: கிறிஸ்துமஸுக்கு மெர்ரி, புத்தாண்டுக்கு ஹேப்பி. நடுப்படத்தில் ஒரு குடும்பம் ஒயின் கோப்பைகளோடு இருக்கிறது, சிறுமிக்கும் ஒரு வாய் ஊட்டுகிறார்கள். மது எதிர்ப்பாளர்கள் கொதித்துப்போனார்கள். மெர்ரி என்றால் லேசான போதை என்றும் ஒரு பொருள் இருப்பதால் அட்டை சொல்லுக்குத் துரோகம் செய்யவில்லை என்பேன்.

ஜாய் பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சரக்கு. ஆழமானது, ஆனால் கொஞ்சம் கோயில் மணம் வீசும். குழந்தை பிறந்த செய்திக்குச் சரி, மின்னஞ்சல் பதிலுக்கு அதிகம். பிரிட்டனில் மட்டும் அது தரையில் இறங்கி நடக்கிறது. காணாமல் போன சாவியைத் தேடிவிட்டு வருபவரிடம் 'எனி ஜாய்?' என்பார்கள். கிடைத்ததா என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். அவர் 'நோ ஜாய்' என்றால் ஆறுதல் சொல்லக் கிளம்பாதீர்கள், மாற்றுச் சாவி இருக்கிறதா என்று பாருங்கள்.